படகுக்கு நேரமானதால் வைத்த கையெழுத்து

நயினாதீவிலிருந்து நானும் பக்கத்து வீட்டுச் சுகந்தியும் தினமும் படகேறி, படையினர் வேலணையில் நடத்தும் பண்ணைக்கு வேலைக்குப் போய்வந்தோம். சென்ற வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். படிவம் முழுக்கச் சிங்களம். "வேலை வேலணையிலைதான் எண்டு சேர் சொல்லுறார்," என்றார், பண்ணைப் பொறுப்பதிகாரியைக் காட்டி, அங்கே எழுத்து வேலை பார்க்கும் தமிழ் எழுதுவினைஞர். கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. வாசித்துக் காட்டும்படி கேட்காமலே இருவரும் கையெழுத்து வைத்துவிட்டு ஓடினோம்.

படகில் மனம் ஒரு நிலையில் இல்லை. இறங்கியதும், சிங்களம் வாசிக்கத் தெரிந்த தேநீர்க்கடை அண்ணையிடம் என் பிரதியை நீட்டினேன்.

"தங்கச்சி, இதிலை வேலணை எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. எங்கை அனுப்பினாலும் போக வேணும் எண்டு கிடக்கு."

எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். சுகந்தியோ, "சேர் சொன்னவர்தானே, நீர் சும்மா பயப்பிடுறீர்," என்றாள்.

மறுநாள் முதல் படகில் போய் எழுதுவினைஞரைக் கேட்டேன்.

"சேர் பொய் சொல்லேல்லை. தான் இஞ்சை இருக்கும்வரைக்கும் அப்பிடித்தானாம். அவருக்கு அடுத்த மாதம் இடமாற்றம்."

படிவங்கள் இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை. என்னுடையதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், வேலையும் போயிற்று. சுகந்தி தன்னுடையதை வாங்கவில்லை.

இப்போது யார் எந்தத் தாளை நீட்டினாலும், படகு போனால் போகட்டும் என்று இருந்து, வாசிப்பித்துக் கேட்ட பிறகே கையெழுத்து வைக்கிறேன். புது அதிகாரி அனுப்பியதால் சுகந்தி தெற்கே வெகுதொலைவில், மொனராகலைப் பக்கம் ஒரு பண்ணையில் இருக்கிறாள். பின்னேரங்களில் தொலைபேசி எடுத்தால் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கடைசிப் படகு வெளிக்கிட்டிட்டுதோ?"