அம்மா சுரண்டிய கல்

எனக்குச் சம்பளம் கிடைப்பது பாசியால். மரியாதையாகச் சொன்னால் இலைக்கன். கல்லிலும் மரப்பட்டையிலும் தேமல் மாதிரிப் படர்ந்திருக்குமே, அதுதான். பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு பேர். ஒரு பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. பூஞ்சணம் வீடு கட்டிக் கொடுக்கும், பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடும். பல்கலைக்கழகத்தில் இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதியில் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். கொஞ்ச நாளில் என்னைக் கண்டாலே எழுந்து போகத் தொடங்கினார்கள்.

அம்மாவிடம் மட்டும் இந்தப் பரவசம் எடுபடவில்லை.

"இதைச் சொரண்டித் தள்ளத்தான் எங்களுக்கு அன்னைக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப இதைக் கும்பிட ஒனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. நல்லாருக்குடி ஒலகம்!"

உண்மைதான். அம்மா பதின்மூன்று வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு இறங்கியவர். செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு அடிமரத்தில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டுவது சிறுபிள்ளைகளின் வேலை. பிறகு அங்கே இருக்க முடியாமல் குடும்பத்தோடு வெள்ளாங்குளம் வந்து, மிச்சக் காலமெல்லாம் வயலில் கூலி. அந்தக் கூலியில் படித்த நான் கடைசியில் பாசியிடமே வந்து சேர்ந்தேன். யாரிடம் போய் முறையிடுவது?

மன்னாரில் பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு சிறிய நூதனசாலை. அங்கே கல் பராமரிப்பு என் பொறுப்பு. வேலை தற்காலிகம். முற்றத்துக் கொட்டகையின் கீழே, கடற்கரைச் சேமக்காலை ஒன்றிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லறைக் கல் கிடந்தது. முருகைக்கல், கடலின் பவளப் பாறையில் வெட்டியது. அதில் வரிசையாக நீந்தும் மீன்கள், கீழே தேய்ந்த எழுத்து நாலு வரி. எல்லாவற்றின் மேலும் செம்மஞ்சளாக என் இலைக்கன். காலையில் வெயில் பட்டால் அப்படியே ஜொலிக்கும். எனக்கு அதைப் பார்க்காமல் தேத்தண்ணி இறங்காது.

பொறுப்பதிகாரி தீவுக்காரர், தங்கமான மனிதர், ஆனால் சுத்தம் என்றால் பைத்தியம்.

"பிள்ளை, சனம் ரிக்கற் எடுத்து ஊத்தையைப் பாக்க வருமோ?" என்று பாசியை நீக்க இரண்டு கான் இரசாயனத்தை வாங்கி வைத்துவிட்டார்.

"சேர், பூஞ்சணத்தின்ர நார் கல்லுக்குள்ள இறங்கியிருக்கு. சுரண்டினால் கல்லின்ர தோலும் சேந்து வரும். மீனும் போயிடும்."

"நிரூபிச்சுக் காட்டுங்கோவன்."

எப்படிக் காட்டுவது? ஒரு சாண் இடத்தைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். பழைய பொருளில் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. சுரண்டக் கூடாது என்பதற்குச் சுரண்டிக் காட்ட வேண்டும், சுரண்டிக் காட்டக் கூடாது. இரண்டு வருடம் படம் எடுத்தேன், அளந்தேன், அறிக்கை எழுதினேன். கடைசியில் ஒரு குழு வந்து பார்ப்பதென்று முடிவானது. என் பேச்சை ஏற்றால் நிரந்தர நியமனம். ஏற்காவிட்டால் கான்களைத் திறப்பார்கள், நான் மாதக் கடைசியில் வீட்டுக்கு.

குழு வரும் நாளும் அம்மாவின் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தன. விடிய வெளிக்கிட்டு அடம்பன் வழியாக பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, அம்மாவை என் கந்தோரில் ஒரு கதிரையில் இருத்தினேன். கல்லைக் கடைசியாக ஒரு முறை படம் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி வந்தது. குழுவின் வாகனம் வழி தெரியாமல் உப்புக்குளம் பக்கத்துத் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்ததாம். நானும் பொறுப்பதிகாரியும் ஓடினோம்.

ஓடும்போது அம்மாவிடம் சொன்னேன்: "கல்லைப் பாத்துக்கங்கம்மா. தெருவுல திரியிற கழுதை உள்ள வந்து உரசிரும். இன்னைக்கு அந்தக் கல்லை வச்சுத்தான் எனக்கு வேலை இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க."

கழுதைக்குப் பயந்தேனே ஒழிய அம்மாவுக்குப் பயப்படவில்லை.

குழுவோடு திரும்பி வந்தபோது அம்மா சேலையை இடுப்பில் செருகி, ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய்த் தும்புமாகக் கல்லருகே நின்றார். கல்லின் இடது பக்கம் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன்டி, பெரிய ஆளுங்க வாற நாளு, இப்படியா அழுக்கா வச்சிருப்ப? நல்லவேளை நான் வந்தேன். கத்தி வைக்கல, பயப்படாத. நனைச்சு, தும்பாலதான் தேய்ச்சேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா முழுசா முடிச்சிருப்பேன்."

ஐயோ! இரண்டு மீனைக் காணவில்லை. மூன்றாவது மீனுக்கு வால் மட்டும் இருந்தது. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அடக்க அடக்க விக்கல் மாதிரி ஏறியது. இரண்டு வருடம், நாற்பது பக்க அறிக்கை, எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போயிற்று. இனி வெள்ளாங்குளத்தில் கோழி வளர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி நின்றேன்.

குழுத் தலைவி, யாழ்ப்பாணத்துப் பேராசிரியை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது என்ன, இப்ப நடந்ததோ?"

பொறுப்பதிகாரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே! கழுதை, மிஸ். கழுதை வந்து உரசிப்போட்டுது."

எனக்காகத்தான் அந்தப் பொய். ஆனால் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கழுதையா? நான்தாங்க செஞ்சேன். கழுதை இவ்ளோ சுத்தமாச் செய்யுமா?"

பேராசிரியை வெள்ளைப் பகுதியில் விரலை வைத்து மெல்ல இழுத்தார். விரலெல்லாம் கல்லின் தூள். பிறகு செம்மஞ்சள் பகுதியைத் தொட்டார். அங்கே மீனின் செதில்கூட விரலில் தட்டுப்பட்டது. "சுரண்ட முந்தி எடுத்த படம் இருக்கோ?" என்று கேட்டார். காலையில் எடுத்ததை நீட்டினேன். படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் எழுதினது சரிதான், பிள்ளை. தும்புக்கே தோல் வந்திட்டுது. இனி ஒரு கல்லிலயும் கை வைக்கக் கூடாது. அந்தக் கான்களைத் திருப்பி அனுப்புங்கோ."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பொறுப்பதிகாரி என்னைவிடப் பெரிதாக அழுதார்.

திரும்பும் பஸ்ஸில், அடம்பன் தாண்டியதும் அம்மா மெதுவாகக் கேட்டார்: "நான் கெடுத்துட்டேன், இல்ல?"

"ரெண்டு மீன் போச்சும்மா. அது போனதாலதான் எனக்கு வேலை கெடைச்சது."

"அப்ப அங்க நான் சொரண்டுன தேயிலையெல்லாம்?"

"அது வேறம்மா. மரத்துல மேலாப்புலதான் ஒட்டியிருக்கும். நீங்க தேயிலையைக் கெடுக்கல."

அம்மா பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார். மனதில் மலைச் சரிவு முழுவதையும் ஒரு முறை பார்த்து வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கல் காட்சிக்கு இருக்கிறது, வெள்ளைப் பட்டையோடு. பக்கத்தில் ஒரு பலகை: "இப்பகுதி சுரண்டப்பட்டதால் சிதைந்தது." போன மாதம் அம்மா வெள்ளாங்குளத்திலிருந்து நாலு பெண்களைக் கூட்டிவந்து கல்லின் முன் நிறுத்தினார். "இது நான் செஞ்சது" என்றார். அம்மா ஆயுள் முழுவதும் செய்த வேலையில் ஒரு சுவடுகூட எங்கும் மிஞ்சவில்லை. சுரண்டிய செடியில் மறுபடி பாசி பிடித்தது, அறுத்த வயலில் மறுபடி நெல் வளர்ந்தது. இது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிய நிற்கிறது.

"யாரு செஞ்சதுன்னு போடலையேடி?" என்று என்னைப் பார்த்தார்.

மறுநாளே பலகையை மாற்றினேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த வெள்ளாங்குளத்துப் பெண் ஒருவர் தேங்காய்த் தும்பால் அரை மணி நேரத்தில் சுரண்டியது என்று எழுதி, அடுத்த கிளினிக் நாளில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அரை மணியா? இருபதே நிமிசம். மாத்திப் போடு."