தூங்கிய சேவல்

"மார்கழி, கடைசிச் செவ்வாய். மதினி வீட்டுச் சேவல் தூங்குகிறது."

என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான். வெளியூர்க்காரர் படித்தால் சிரிப்பார். சங்கரன்கோவில் பக்கம் கோழி பகலில் தூங்குகிறது என்றால், சீக்கு வந்துவிட்டது என்று பொருள்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் பங்குனிக் கோவில் கொடையில் சேவல் தருவதாக மாடசாமிக்கு, எங்கள் வழக்கில் மாடனுக்கு, நேர்ந்திருந்தார் மதினி. பேரன் பிறந்துவிட்டான். நேர்ந்துவிட்ட சேவலோ இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி, கூட்டின் மூலையில் நின்றது. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. தெருமுனை வீட்டில் ஏற்கெனவே இரண்டு கோழிகள் செத்திருந்தன.

"அந்தக் காய்ச்சல்னா தெருக்கோழி எல்லாத்தையும் புடிச்சிட்டுப் போய்க் கொன்னுருவாவளாமே. சாமிக்கு நேந்ததையுமா?" என்று கேட்டார் மதினி.

"அதையுந்தான்."

"அப்போ மாடன் யார்ட்ட போய்க் கேப்பாரு? கலெக்டர்ட்டயா?"

படித்திருந்ததைச் சொன்னேன். அந்தக் கிருமி நுழைந்ததும் உடம்பை உஷார்படுத்தும் மரபணு ஒன்று வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. கொடிய வகை தாக்கினால், ரத்தத்தில் அதை முறிக்கும் எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே பெரும்பாலும் கோழி செத்துவிடும். இந்தச் சேவல் மூன்றாம் நாளும் நிற்கிறதே, அது நல்ல அறிகுறி. தூக்கமும் சிலிர்ப்பும்கூட, உடம்பு தன் பலத்தையெல்லாம் கிருமியை எதிர்க்க ஒதுக்குவதால் வருபவை.

"அப்போ அது தூங்கல, சண்டை போடுதுங்கிய."

"ஆமா மதினி."

"உங்க அண்ணனும் மத்தியானம் பூரா இப்படித்தான் சண்டை போடுதாவ."

கால்நடை மருத்துவர் வந்து தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துப் போனார். முடிவு வரும்வரை தெருவில் யாரும் கோழிகளைத் திறந்துவிடவில்லை. மதினி கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சேவல் குடிக்க வைத்தார். நான் தடுக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் தகவல் வந்தது: பறவைக் காய்ச்சல் இல்லை. அதற்குள் சேவல் கம்பு கொத்தத் தொடங்கியிருந்தது.

உடனே மதினிக்கு அடுத்த கவலை. சீக்குப்பட்டதைச் சாமிக்குக் கொடுக்கலாமா? சாமியாடியைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் கொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, செத்துப் பொழச்சதப் போயா மாடனுக்குத் தாற? வேற கொண்டா."

"அவருக்கு வேண்டாம்னா நான் என்ன செய்ய?" என்று மதினி அலுத்துக்கொண்டார். ஆனால் கை அதற்குள் சேவலை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டது. கொடைக்குப் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் தெரிந்தவர் வீட்டிலிருந்து வேறு சேவல் வந்தது. பிழைத்தது இப்போதும் விடியுமுன்பே சுவரேறிக் கூவுகிறது. தெருவில் யாரும் குறை சொல்வதில்லை.

அதற்கு வந்த நோய் எது என்று எனக்குத் தெரியாது. கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக் கழிச்சல் என்பது என் ஊகம். ரத்தத்தில் எந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கலாம். மதினி ஊசி குத்த விடவில்லை. ஆகவே ஊகம் சரிபார்க்கப்படாமலே இருக்கிறது.