குச்சியில் குத்திய கேசரி

சின்ன வயதிலேயே யாரையும் எளிதில் நம்பாத குணம் எனக்கு. பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். பெரியவர்கள் பேசும் குரல் திடீரென்று தணிந்தால் என் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும். அப்பா என்னை சி.ஐ.டி. என்று கூப்பிடுவார். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அதனால்தான் ஒரு ஐப்பசி மாதம், “வர்ற ஞாயித்துக்கிழம எங்க கல்யாண நாளு, வூட்ல சின்னதா ஒரு பார்ட்டி” என்று அம்மா சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

அம்மாவின் கல்யாணக் கதை எங்கள் வீட்டில் அடிக்கடி ஓடும். அச்சரப்பாக்கத்தில் கத்திரி வெயிலில் நடந்த கல்யாணம். தாலி கட்டுவதற்குள் அப்பாவின் கழுத்தில் மாலை வதங்கிப்போனது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த சித்தி, அப்போது பள்ளிக்கூடத்துப் பெண், சொம்போடு மயங்கி விழுந்தாள். அந்தப் பன்னீரையே அவள் முகத்தில் தெளித்து எழுப்பினார்களாம். கத்திரி வெயிலில் நடந்த கல்யாணத்துக்கு அடைமழையில் எப்படி நாள் வரும்? அதுவும் இத்தனை வருஷமாக யாரும் கொண்டாடாத நாள். அம்மாவிடமே கேட்டேன். பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்விக்கெல்லாம் அம்மா அதைத்தான் சொல்வாள்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் ஏரிப் பக்கமாக ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கடற்கரைப் பக்கம் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் காலையிலேயே ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவார். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீசில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ் செங்கல்பட்டுவரை வரும், அச்சரப்பாக்கத்துக்கு வராது. அந்த ஒரு காரணத்தால் சித்தி எனக்குக் கிடைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே போர்வை, ஒரே பவுடர் டப்பா. அவளை யாராவது கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. என் சந்தேகத்தில் பாதி அந்தப் பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு முன்பே சித்தியைப் பல பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் செய்வாள். வந்தவர்கள் கூச்சப்படாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். போனால் போனதுதான். கடைசியாக வந்த குடும்பத்தில் ஒரு அம்மாள் மிச்சமிருந்த பஜ்ஜியையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போய், பெண் நிறம் கம்மி என்று சொல்லியனுப்பினார். அன்றைக்குச் சித்தி அடுப்படியில் நின்று சபதம் போட்டாள். “இனிமே எனக்காக இந்த வூட்ல பஜ்ஜி கேசரின்னு சட்டி வெச்சீங்கன்னா, நான் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

தாத்தாவுக்கு அது எட்டியதும் அவர் சாப்பாட்டை முடிக்காமல் கை கழுவினாராம். அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்தவர், கறாரான மனுஷர். பெண் தானாக மாப்பிள்ளை தேடிக்கொள்வது அவருக்கு ஆகவே ஆகாது. சொந்தத் தம்பியின் மகள் அப்படிச் செய்துகொண்டாள் என்பதற்காகத் தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தம்பியைக் கோயிலில் எதிரே பார்த்தாலும் சாமியை மட்டும் பார்த்துவிட்டு வருவார். தாத்தா பார்த்தால் சித்தி வரமாட்டாள், சித்தியாகப் பார்த்தால் தாத்தா விடமாட்டார். என் வரையில் அது மிக நல்ல ஏற்பாடு. இப்படியே இருந்தால் சித்தி எங்கேயும் போகமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

பார்ட்டிக்கு என்ன பலகாரம் என்ற பேச்சு வந்தபோது யோசனை சொன்னதே சித்திதான். கம்பெனி மேனேஜர் வீட்டு விருந்தில் பார்த்தாளாம். “இப்பல்லாம் யாருக்கா தட்டு வெச்சிகினு சாப்பிடறாங்க. நின்னுகினே பேசிகினே, குச்சியால எடுத்து வாயில போட்டுகினு போயிடுவாங்க” என்றாள். உப்பு பிஸ்கட்டின் மேல் உருளைக்கிழங்கு மசாலா; டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டிய பிரெட்டில் பச்சைச் சட்னி; கோலிக்குண்டு அளவில் கட்லெட்; பிறகு சீஸ், அன்னாசி, செர்ரி மூன்றையும் ஒரே பல்குச்சியில் குத்தி, வெள்ளித்தாள் சுற்றிய முட்டைக்கோஸில் நட்டு வைப்பது. முட்டைக்கோஸைப் பொரியல் செய்யாமல் பொம்மை மாதிரி உட்கார வைப்பதா என்று அம்மா சண்டைக்கு வருவாள் என எதிர்பார்த்தேன். அம்மா தலையாட்டினாள். சித்தி எதைச் சொன்னாலும் அந்த வாரம் தலையாட்டினாள். நான் சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது.

அன்னாசி மட்டும் கொஞ்சம் யோசனைக்குள்ளானது. அந்த வருஷம் சித்தி ஆபீஸ் சிநேகிதிகளோடு மாமல்லபுரம் போய்விட்டு, உதடு இரண்டும் பணியாரம் போல வீங்கித் திரும்பியிருந்தாள். கடற்கரையில் மிளகாய்த்தூள் தடவிய அன்னாசிக் கீற்று ஒன்று தின்றதில் வந்த வினை. விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று பேசுவார்கள் என்பதால், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். கூடப் போன சிநேகிதிகளையும் எங்கள் வீட்டு நாலு பேரையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. நான் தொடாமல் இருந்தால் ஆயிற்று, வருகிறவர்களுக்கு வையுங்கள் என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. நெய்யில் ரவை வறுபடும் வாசனை கதவுக்கு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டது. பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெய் தடவிய தாம்பாளத்தில் கேசரியைக் கொட்டி ஆறவைத்து, அம்மா கத்தியால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குச்சி குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியில் காசு அளவுக்கு வாழைக்காய் பஜ்ஜி. மாடி வீட்டு ஆன்ட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல காரியமா வர்றவங்களுக்கு பஜ்ஜி, கேசரி கண்ல காட்டாம எப்பிடி அனுப்பறது, சொல்லுங்க” என்றாள் அம்மா. “அதான் இத்துனூண்டா பண்ணி குச்சிய குத்திட்டேன். பார்ட்டின்னுதான் அவ நெனச்சிகினு கீறா. மாப்ள வந்துட்டுப் போற வரைக்கும் தெரியக் கூடாது.”

“எங்க அண்ணன் பையனும் வாயே தெறக்க மாட்டான். ஒண்ணும் தெரியாது, கவலப்படாதீங்க” என்றார் ஆன்ட்டி.

அதே பஜ்ஜியும் கேசரியும் வேஷம் கட்டிக்கொண்டு வருகின்றன. சித்தியை ஏமாற்றி உட்கார வைத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். அறைக்கு ஓடினேன். சித்தி கண்ணாடி முன்னால் நின்று மயில்கழுத்து நிறப் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் மடிப்பை விடாமல் கேட்டாள். முடிந்ததும், “கேசரியில முந்திரி போட்டுச்சா உங்கம்மா?” என்றாள்.

போட்டிருந்தது என்றேன்.

“நீ பாத்தத யாருகிட்டயும் சொல்லாத. அக்கா பாவம், காலைலேந்து நின்னுகினே கீது.”

அதிர்ச்சியில் என்னென்னமோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இனி அவளைக் காப்பாற்ற நான்தான் என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் மழையோடு எல்லாரும் வந்தார்கள். தாத்தா, அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், மாடி வீட்டு ஆன்ட்டி, அவருடைய அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். மகன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. கூடத்தின் நடுவே மேஜையில் முட்டைக்கோஸ் பளபளவென்று குச்சிகளோடு உட்கார்ந்திருந்தது. தாத்தா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னாடி இது, முள்ளம்பன்னி கணக்கா கீது?”

“எடுத்துச் சாப்பிடு நைனா. இப்ப இதான் பழக்கம்” என்றாள் அம்மா.

தாத்தா ஒரு குச்சியைப் பிடுங்கினார். செர்ரியைத் தின்றார், அன்னாசியைத் தின்றார், சீஸை வாயில் போட்டுவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பல்குச்சியை அது எதற்காகப் பிறந்ததோ அதற்கு நிதானமாகப் பயன்படுத்தினார். வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே திரும்ப நட்டுவிட்டார். கட்லெட் எடுத்த குச்சிக்கும் அதே மரியாதை. கட்லெட் குத்தப் புதுக் குச்சிகளும் அந்த முட்டைக்கோஸில்தான் நட்டிருந்தன. எது புதுசு, எது தாத்தாவின் எச்சில் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா ஒரே எட்டில் முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். “எடுத்த எடத்துல வெக்கிறது தப்பா? கண்ட எடத்துல போட்டாத்தான தப்பு” என்று தாத்தா எல்லாரிடமும் நியாயம் கேட்டார். வெள்ளைச் சட்டை மட்டும், சரிதானுங்களே என்றார். தாத்தாவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. இவ்வளவு நல்லவராக ஒருத்தர் இருக்கவேண்டிய அவசியம் என்ன?

அம்மா புதிதாகக் குத்திய அன்னாசிக் குச்சிகளைத் தட்டில் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்து, ஓரமாக நின்ற சித்தியின் வாயருகே ஆசையாக நீட்டினார். பெரியவர் ஊட்டும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சித்தி தயங்கினாள். அப்போது வெள்ளைச் சட்டை மெல்லக் குனிந்து, “அம்மா, அவங்களுக்கு அன்னாசி ஆகாது, உதடு வீங்கிடும்” என்றார். அந்த அம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. குச்சியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மழைச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தவர், சித்தியோடு ஒரு வார்த்தை பேசாதவர். இவருக்கு எப்படித் தெரியும்? ஆளைப் பிடித்துவிட்டேன். நேராகப் போய்த் தாத்தாவின் முழங்காலைப் பிடித்தேன்.

“தாத்தா, இந்த அங்கிளுக்கு எப்பிடித் தெரியும், சித்திக்கு...”

அவ்வளவுதான் சொன்னேன். என் வாய் கேசரியால் அடைபட்டது. எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. சித்தி என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, முதல் துண்டு இறங்குவதற்குள் இரண்டாவதையும் திணித்தாள்.

“இன்னாம்மா கேக்குற?” என்றார் தாத்தா.

“ஒண்ணுமில்ல நைனா. கேசரி வோணுமாம்” என்றாள் சித்தி.

கேசரி நன்றாகத்தான் இருந்தது. முந்திரி வேறு. நான் மென்று முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது. அவர்கள் கிளம்பிய பிறகு தாத்தா சித்தியைக் கூப்பிட்டு, இது பார்ட்டி இல்லை, பெண் பார்க்கும் சடங்குதான் என்பதை மென்று விழுங்கிச் சொன்னார். சபதத்துக்குப் பயந்து அம்மா கதவோரம் நின்றாள். ஹாஸ்டல் என்ற சொல்லுக்காக நானும் காத்திருந்தேன். சித்தி தரையைப் பார்த்து, “உன் இஷ்டம் நைனா” என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உலகத்திலேயே பெரிய துரோகம் எங்கள் கூடத்தில் நடந்துவிட்டதாகவும், சித்தி தனியாகத் தோற்றுப்போய்விட்டதாகவும் அன்றிரவு முழுக்க விசும்பினேன். சித்தி போர்வையை என் பக்கம் இழுத்துவிட்டாள். அவளும் அழுதாள். தையில் கல்யாணம் முடிந்து படாளத்தில் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அறையில் பவுடர் டப்பா எனக்கு மட்டும் என்று ஆனதை என்னால் வெகுநாள் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தாத்தா கடைசிவரை எல்லாரிடமும், அது நான் பார்த்து வெச்ச மாப்ள என்று மார்தட்டிக்கொண்டார். சித்தப்பா வீட்டில் வாய் நிறையச் சாப்பிட்டார். அவர் காலமான பிறகுதான் சித்தி என்னிடம் சொன்னாள். சித்தப்பாவும் அதே கம்பெனிதானாம், அதே பஸ்தானாம். மாமல்லபுரத்துக்குப் போன ஆபீஸ் கூட்டத்தில் சிநேகிதிகள் மட்டும் இல்லையாம். அந்த அன்னாசிக் கீற்றை வாங்கிக் கொடுத்ததே அவர்தானாம். பிறகு அவர் போய்த் தன் அத்தையின் காலைப் பிடிக்க, மாடி வீட்டு ஆன்ட்டி ஒன்றும் தெரியாதவர் போல அம்மாவிடம் ஜாதகத்தை நீட்டினாராம்.

அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள் நான். அம்மாவை, ஆன்ட்டியை, முட்டைக்கோஸை, வெள்ளைச் சட்டையை. அம்மாவின் கல்யாணத்தன்று கத்திரி வெயிலில் பன்னீர்ச் சொம்போடு மயங்கி விழுந்தவள் சித்தி. ஐப்பசி மழையில் கல்யாண நாள் என்று அம்மா சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட கேள்வியை அவள் ஏன் கேட்கவில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.