வாடகைக் கை எழுதியவர்

"உங்களை உங்கள் அண்ணன் எப்போதோ எழுதிவிட்டார்" என்று சாவு வீட்டில் ராமலிங்கம் சாரின் வக்கீல் தம்பியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. அண்ணனின் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை.

ராமலிங்கம் சார் அரியலூர் தபால் ஆபீசில் எனக்கு அடுத்த இருக்கையில் வேலை பார்த்தவர். அவர் காலமான செய்தி, காலையில் தபால் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. "எந்திர மனுசன் போயிட்டாரா" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர்களால் முடிந்த அஞ்சலி அவ்வளவுதான்.

சாரின் கதைகள் சிறு பத்திரிகைகளில் வந்தன. அவற்றில் ஒன்று 'வாடகைக் கை'. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கையை இழந்தவனுக்கு முதலாளி இரும்புக் கை பொருத்துகிறான். அந்தக் கையால் அவன் கல் உடைக்கிறான், பிள்ளையைத் தூக்குகிறான். வேலையை விட்டு நிற்கும் நாளில், கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். இதைப் படித்த எங்கள் போஸ்ட்மாஸ்டர், நல்ல குடும்பக் கதையாக எழுதக் கூடாதா என்று கேட்டார். பெரம்பலூரிலிருந்த தம்பியோ, அண்ணனுக்கு மூளையில் துரு ஏறிவிட்டது என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு சாருக்கே இதயம் தளர்ந்தது. மெட்ராசில் மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு பெட்டியை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இதயத்தைத் தட்டித் தட்டி ஓட்டியது அதுதான். டீ நேரத்தில், டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பாட்டு வராத இடத்தில் திருப்பி மார்போடு வைப்பார். டிக், டிக் என்று கேட்கும். "சிலோனை விடத் தெளிவா எடுக்குது, பாத்தீங்களா" என்பார். உடம்புக்குள் மெஷின் புகுந்தபின் மனிதன் மனிதன்தானா என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷினப் பாத்துப் பயப்படாதீங்கம்மா. அதுக்குச் சொந்தக்காரன் யாருன்னு பாத்துப் பயப்படுங்க."

சார் இறந்த அன்று, அவர் வீட்டில் உடலைக் குளிப்பாட்டும் நேரம். பெண்கள் தண்ணீர் எடுத்துவரப் போக வேண்டும். ஆண்கள் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக் குளிப்பாட்டுவார்கள். தம்பி அந்த டிரான்சிஸ்டரை எடுத்து அண்ணன் மார்பில் வைத்தார். டிக், டிக். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரின் முகம் அவருக்கு. கையோடு ஒரு கம்பவுண்டரையும் அழைத்து வந்திருந்தார்.

"வெளிநாட்டுச் சாமான் அண்ணி. இன்னும் நல்லா ஓடுது. இத மண்ணுல போட்டு மூடவா? நீங்க தண்ணிக்குப் போயிட்டு வாங்க, அதுக்குள்ள எடுத்துருவாரு."

சாரின் மனைவி செல்லம்மாள் எழுந்திருக்கவில்லை. சடங்கு கெடுகிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இறந்தவரின் மார்பை அறுப்பதில் அவர்களுக்கு எதுவும் கெடவில்லை.

"சாமான் இல்ல தம்பி, அவரு நெஞ்சு. நான் எந்திரிக்க மாட்டேன். கம்பவுண்டர் டீ குடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

கம்பவுண்டர் டீயைத் தொடாமலே போனார். ஆண்கள் வெளியே நிற்க, அந்த அம்மாளே கணவரைக் குளிப்பாட்டினார்.

போய் வாருங்கள், சார். உங்களைப் படிக்காதவர்களே உங்களைச் சுமந்தார்கள். அதற்கு மட்டும் அவர்கள் போதும்.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தார்கள். பெட்டி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.