பன்னிரண்டு கதவு கேபினட்

கேபினட் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். சமையலறைச் சுவரோடு நிற்கிற அலமாரி. திருப்போரூர் பக்கம் எழும்புகிற அடுக்குமாடி வீடுகளில் அதைச் செய்து மாட்டுவது என் வேலை. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பிள்ளைகளே, இதில் தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து என் மகள் போன் செய்தாள். அப்போது அவள் ஒன்பதாவது. வீடு சிங்கப்பெருமாள் கோயிலில்.

“அப்பா, எக்ஸிபிஷனுக்கு என்னியும் எடுத்துகினாங்கப்பா! வெள்ளிக்கெழம செங்கல்பட்டு!”

“சூப்பரும்மா. இன்னா செய்யணும்?”

“கேபினட்டு. பதினஞ்சு வருஷம் ஆடாம நின்ன கேபினட்டு.”

“பதினஞ்சு வருஷமா? அப்போ நல்ல ப்ளைவுட்டா போடணுமே. எத்தினி டோரு?”

மெஷின் கத்திய கத்தலில் அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பன்னண்டு டோரு. ஷார்ட்டா. சரி, சின்னதாகப் பன்னிரண்டு கதவு வைத்த அலமாரி என்று புரிந்துகொண்டேன். “நீ கவலப்படாத, அப்பா பாத்துக்கறேன்” என்று போனை வைத்துவிட்டேன்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தேன். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, பன்னிரண்டு அறை. அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு இரண்டு சின்னக் கீல், வெள்ளை மைக்கா, பித்தளைக் குமிழ். தோளில் தூக்கிப் போகிற அளவுதான். வீட்டுக்காரர் மூன்று தடவை வந்து “என் கிச்சன் எப்பங்க முடியும்?” என்று கேட்டார். மூன்று தடவையும் தலையை மட்டும் ஆட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் கொண்டுபோய் வீட்டு நடுவில் வைத்து, மேலே போட்டிருந்த துண்டை எடுத்தேன்.

மகள் பார்த்தாள். கைதட்டுவாள் என்று நினைத்தேன்.

“சார்ட்டு எங்கப்பா?”

“எந்த சார்ட்டு?”

“நாலு சார்ட்டு வாங்கியாரச் சொன்னனே! பன்னண்டு பேரு போட்டோ பிரிண்ட் எடுக்கச் சொன்னனே! இது இன்னாப்பா?”

“கேபினட்டு.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “அந்த மெஷின நிறுத்திட்டு பேசுன்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன்” என்றாள்.

பிறகு மகள் விளக்கினாள். இங்கிலாந்தில் ஒரே பெயரில் நான்கு ராஜாக்கள் வரிசையாக ஆண்டார்களாம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது ராஜாவுக்கு மனநோய். வெளியே வராமல் அரண்மனையிலேயே இருந்தார். அவர் பேரில் அவருடைய மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். அப்பா இறந்ததும் அவரே ராஜா ஆனார். இவ்வளவு மாறியும் மந்திரிசபைக்குத் தலைவர், அதாவது பிரதமர், மட்டும் ஒரே ஆள், ஏறக்குறைய பதினைந்து வருஷம். ஆரம்பத்தில் அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். மந்திரிசபைக்கும் கேபினட் என்றுதான் பேராம். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அறிவியல் மாடல்தான் கொண்டுபோகிறார்கள். சரித்திரத்தை யார் நின்று பார்ப்பார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். சரித்திர டீச்சர்தான், “இந்தப் பொண்ணு நிக்க வைப்பா சார்” என்று சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். காலையில் வெறுங்கையோடு போனால் இவளுக்கு மட்டுமல்ல, அந்த டீச்சருக்கும் அவமானம். என்னால் உட்கார முடியவில்லை. தெருமுனைக் கடைக்கு ஓடினேன். சார்ட் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். இன்னொரு கடை பூட்டியிருந்தது.

திரும்பி வந்தபோது மகள் அலமாரியின் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“இது எப்பிடிப்பா ஆடாம நிக்குது?”

“எல்லாம் பின்பலகைதான். முன்னாடி கதவு, குமிழுன்னு எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. பின்பலகை செவுத்தப் பாத்துகினு கெடக்கும். அத எடுத்துட்டா மொத்தமும் கோணிக்கும், ஒரு கதவும் மூடாது.”

“எடுத்துக் காட்டு.”

திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தேன். விரலால் ஒரு ஓரத்தைத் தள்ளினேன். அலமாரி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. கதவுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வாயைப் பிளந்தன.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். “அப்பா! இதேதான்ப்பா! அந்தத் தலைவரு பெருசா பேசவே மாட்டாராம். பேரு வாங்குனதெல்லாம் மத்த மந்திரிங்க. ஒரு விஷயத்துல பாதி மந்திரி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். அத அப்பிடியே விட்டு வெச்சு ஒண்ணா உக்கார வெச்சுகினு இருந்தாரு. திடீர்னு ஒரு நாளு பக்கவாதம் வந்து சாஞ்சிட்டாரு. அடுத்தது யாருன்னு சண்ட. பாதிப் பேரு எழுந்து போய்ட்டாங்க.”

அவள் கேட்டபடி, பின்பலகை மேலேயிருந்து இறங்கி ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் காடி வெட்டினேன். காடி என்றால் பலகை ஓடுகிற பள்ளம். அவள் என் பென்சிலை வாங்கிப் பதினொரு கதவில் பதினொரு முகம் வரைந்தாள். உள்ளே துண்டுச் சீட்டில், அவரவர் பார்த்த வேலை. ஒரு கதவுக்குள் குதிரை வரைந்திருந்தாள். அது எதற்கு என்றேன். ரொட்டி விலை ஏறியதாலும் ஓட்டுரிமை கேட்டும் மைதானத்தில் கூடிய ஜனங்கள் மேல் குதிரைப் படையை விட்டதும் இவர்கள் காலத்தில்தானாம். “நல்லத மட்டும் எழுதக் கூடாதுல்ல” என்றாள். பன்னிரண்டாவது கதவு வெறுமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மின்சார ரயிலில் நிற்க இடமில்லை. அலமாரியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். திருகாணி இல்லாத பலகை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கடகட என்றது. கோந்து போட நேரமில்லை, உள்தட்டெல்லாம் வெறுமனே சொருகியதுதான். வழியிலேயே பிரிந்துபோனால்?

“இன்னா அண்ணாத்த, புறாக் கூண்டா?” என்றார் கதவோரம் நின்றவர்.

“மந்திரிங்கண்ணா” என்றாள் மகள்.

“மந்திரியா? சரி சரி, கதவத் தொறந்துடாத, பறந்துடப் போவுது.”

பெட்டியே சிரித்தது. மகளும் சிரித்தாள். என்னால்தான் முடியவில்லை.

கண்காட்சி மண்டபத்துக்குள் பெற்றோரை விடவில்லை. கம்பி ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். உள்ளே மின்விளக்கு எரிகிற மாடல், தண்ணீர் சுற்றுகிற மாடல், புகை விடுகிற எரிமலை. நடுவில் என் மகளும் வெள்ளை அலமாரியும். நான் டீ வாங்கினேன், குடிக்கவில்லை. மரத்தடிக்குப் போனேன், உடனே ஜன்னலுக்குத் திரும்பினேன். காவலாளி, “யோவ், ஒரு எடமா நில்லுய்யா, எனக்கே தல சுத்துது” என்றார்.

கடைசியில் நடுவர் அவள் முன்னால் வந்தார். கண்ணாடி போட்ட பெரியவர். ஒவ்வொரு கதவாகத் திறந்து படித்தார். சரித்திர டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“இங்கிலாந்து மந்திரிங்களப் பத்தி செங்கல்பட்டுல எதுக்கும்மா?”

“அவங்க போட்ட கையெழுத்து இங்க வரைக்கும் ஓடுச்சே சார்.”

“ம்ம். இந்தக் கதவு ஏன் காலி? தலைவர் எங்கே?”

மகள் பின்பலகையை மேலே உருவினாள். ஒரு விரலால் தள்ளினாள். அலமாரி சாய்ந்தது, பன்னிரண்டு கதவும் பிளந்தன, ஒன்று கீலோடு பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. மண்டபம் திரும்பிப் பார்த்தது.

“இதான் சார் தலைவர்” என்று கையிலிருந்த பலகையைக் காட்டினாள்.

நடுவர் சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதற்குள் அடுத்த கூட்டம் அவள் மேஜைக்கு வந்துவிட்டது. அவள் பலகையைத் திரும்ப இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. கோணிய பெட்டியில் காடி நேராக இருக்காது. அதை நான் சொல்லித்தர மறந்துவிட்டேன். அவள் ஜன்னலைத் தேடினாள்.

“அப்பா! ஏற மாட்டேங்குது!”

கம்பிக்குள் கை விட்டுக் கத்தினேன். “எதிர் எதிர் மூல, பாப்பா! மேல ஒண்ணு, கீழ ஒண்ணு! ரெண்டு பக்கமும் அமுக்கணும்!”

அவளுக்கு இருப்பது இரண்டு கைதானே. நடுவர் பக்கம் திரும்பினாள். “சார், கொஞ்சம் இந்த மூலய அமுக்குங்க. டீச்சர், நீங்க அந்த மூல.” நடுவர் பேனாவைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அமுக்கினார். டீச்சர் தலைப்பை விட்டுவிட்டு அமுக்கினார். பலகை ‘சர்’ரென்று இறங்கியது. மீதிக் கதவுகள் பதினொன்றும் மூடின. விழுந்த ஒன்றை மகள் அது இருந்த அறையின் மேல் சாய்த்து வைத்தாள்.

சாயங்காலம் அவளை அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். நடுவர் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: அடுத்த முறை விளக்கத்துக்கு நான்கு சார்ட் அவசியம்.

அதைப் படித்துவிட்டு மகள் என்னைப் பார்த்தாள். நான் காதிலிருந்த பென்சிலை எடுத்து, பின்பலகையின் மேலேயே பெரிதாக எழுதிக்கொண்டேன். சார்ட நாலு. அவள் பென்சிலை வாங்கி, ‘ட்’ மேல் விட்டுப்போன புள்ளியை வைத்துக் கொடுத்தாள்.