எழும்பாத முடி

நான் பார்த்த ஒரே மேடைத் தொழில், தலைமுடி நட்டுக்கொண்டு எழும்படி நிற்பது. எட்டு வயதில் அதில் கைதேர்ந்தவளாக இருந்தேன்.

சித்தப்பாவுக்கு அடையாறு பக்கம் ஓர் அறிவியல் கூடத்தில் விளக்கிச் சொல்லும் வேலை. எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். தொட்டுத் தொட்டே பாதிக் கருவிகள் ‘பழுது’ அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றன. கூடம் திறந்த நாள் முதல் அவர் அங்கேதான். வேனில் கருவிகளோடு மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போவார், கோடை முகாம் நடத்துவார். தினம் ஆறு காட்சி, ஆறிலும் அதே ஜோக். வேலை மட்டும் தற்காலிகம்.

காட்சியில் முக்கியமானது அலுமினிய உருண்டை. மின்னேற்றி அதன்மேல் கை வைத்தால் முடி சிலிர்த்து எழும். “தைரியசாலி யாராவது வர்றீங்களா?” என்று கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் அம்மாக்களின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதற்காகத்தான் லீவு நாட்களில் நான். முன்பின் தெரியாதவள்போல் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வருவேன். “பாப்பா, உன் பேரு இன்னா?” என்பார் மனுஷன், கூசாமல். நிபந்தனை ஒன்றுதான்: தலையில் எண்ணெய் கூடாது. அது ஏதோ ஸ்டைலுக்காக என்றே அம்மா நினைத்திருந்தாள்.

ஒரு மே மாதம் மேலதிகாரி காட்சி பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் சித்தப்பாவின் வேலை நிரந்தரம். அது அம்மாவுக்கும் தெரிந்ததுதான் வினை.

“பெரிய மனுஷங்க வர்ற எடத்துல பரட்டைத் தலையோடவா நிப்ப?”

ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயைத் தலையில் இறக்கி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். புது ரிப்பன் மயக்கத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. காலையிலேயே கிளம்பிவிட்ட சித்தப்பா என்னை மேடையில்தான் பார்த்தார்.

ரிப்பனை அவிழ்த்தார், பின்னலைப் பிரித்தார், பொத்தானை அழுத்தினார். உருண்டை உறுமியது. முடி பின்னல் வளைவோடு அப்படியே ஒட்டிக் கிடந்தது.

“மிஷினு புட்டுக்கிச்சு டோய்!” என்று ஒரு பையன் கத்தினான்.

எண்ணெய் வைத்த முடி ஏன் பிரிந்து எழும்பாது என்று சித்தப்பா விளக்கத் தொடங்கினார். அதிகாரி அதற்குள் எழுந்து போய்விட்டார். நானோ, கரண்டே நம்மிடம் தோற்றுவிட்டது என்ற பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

அசோக் நகர் வரை பஸ்ஸில் அவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தபடியே வந்தார். வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள்.

“இன்னா தம்பி, ஆபீசர் இன்னா சொன்னாரு?”

“நல்லா ரசிச்சாரு அண்ணி. பாப்பா பின்னல் சூப்பர்னாரு.”

அப்படி எதுவும் என் காதில் விழவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கிய பிறகு சொல்லியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூனில் சித்தப்பா தி.நகரில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்தார். “அங்க அலுத்துப்போச்சு அண்ணி” என்றார், அவ்வளவுதான்.

பள்ளி திறந்த அன்று அம்மா அதே எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். “ஆபீசரே மெச்சின பின்னலாச்சே!”

எதிரே சித்தப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பின்னலும் போட்டு முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்பவே இல்லை. இவ்வளவு மெதுவாகப் படிப்பவருக்கு அறிவியல் கூடத்தில் எப்படித்தான் வேலை கொடுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.