வாய்க்காலில் முதலில் நிற்பது யார்?

குணேஸ்வரி எதையும் ஒருதரம் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. மருந்துக் கம்பனி ஒன்றின் கிடங்கில், கடைகள் திருப்பி அனுப்புகிற பெட்டிகளைத் திறந்து பார்ப்பது அவளுடைய வேலை. பெட்டிக்கு வெளியே ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று கிடக்கும். வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இராது. புதுப் பால் பெட்டியை மணந்து பார்ப்பாள். புருஷன் அருமைநாதன் கதவைப் பூட்டிவிட்டு வந்தால், பின்னால் போய் ஒருக்கால் இழுத்துப் பார்ப்பாள்.

"நான் பூட்டினது உமக்குப் பூட்டாத் தெரியேல்லையோ?"

"உங்களை நம்புறன். பூட்டைத்தான் நம்பேல்லை."

இப்படிப்பட்டவள்தான் 'வாய்க்கால்' என்ற இணையத்தளத்தைக் கட்டினாள். புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் பிரெஞ்சு படிக்கப் போன இடத்தில், பக்கத்து அறையில் இணையப்பக்கம் செய்யப் படிப்பித்தார்கள். பிரெஞ்சு பாதியில் நின்றது, மற்றது பிடித்துக்கொண்டது. அது தமிழில் ஆளுக்கு ஆள் வலைப்பதிவு தொடங்கிய காலம். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஓடை உண்டு. புதிதாக ஏதும் எழுதினால் தலைப்பையும் எழுதிய நேரத்தையும் அது வெளியே அனுப்பும். அந்த ஓடைகளைத் தேடிப் பிடித்து, ஊர்வாரியாகவும் விஷயவாரியாகவும் பிரித்து, கடைசியாக எழுதப்பட்டது மேலே வரும்படி அடுக்கிக் காட்டுவதுதான் வாய்க்காலின் வேலை.

சேர்க்கச் சொல்லி வருகிற ஓடையை அவள் உடனே சேர்க்க மாட்டாள். முதலில் இருந்து வாசிப்பாள். ஒரே மனிசன் மூன்று பெயரில் எழுதுவதை எழுத்து நடையிலேயே பிடித்துவிடுவாள். மற்றவனுடைய சமையல் குறிப்பைத் தன்னுடையதென்று போட்டவளைத் தூக்கி வெளியே விட்டாள். வற்றிப்போன ஓடைகளை மாதாமாதம் களையெடுத்தாள். வாசிக்கிற சனம் கூடியது. தனியே சமாளிக்க முடியாமல், பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த நகுலேஸ்வரனுக்கும் உள்ளே போகிற கடவுச்சொல்லைக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்கியல் படித்தவன், கோயிலுக்குப் போகும்போது அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போவான்.

வினை கோயிலில்தான் தொடங்கியது. அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கையில், அங்கே கண்டு பழகிய சிவமலர் கிட்ட வந்தாள். சுவிசில் இருக்கிற அவளுடைய தமையனும் ஒரு பதிவு எழுதுகிறவர்.

"குணேசக்கா, உங்கட வாய்க்காலிலை எப்ப பார்த்தாலும் கொழும்பு ஆக்கள்தானே மேலை நிக்கினம். அண்ணை எழுதிப்போட்டுத் திரும்புறதுக்கிடையிலை கீழை போயிடுறார்."

"கடைசியா எழுதினவர்தான் மேலை நிப்பார், பிள்ளை. அதிலை ஆளும் இல்லை, ஊரும் இல்லை."

"நீங்கள் சொல்லுறியள். சனம் வேறை கதைக்குது."

சனம் என்ன கதைக்குது என்று சிவமலர் சொல்லவில்லை. சாம்பாரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நாட்டில் போர் முடிந்திராத அந்த ஆண்டில் ஒரு தமிழரைப் பற்றி இன்னொரு தமிழர் 'வேறை கதைக்குது' என்றால், அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. அரசாங்கத்தின் பக்கமோ, இயக்கத்தின் பக்கமோ, ஆரின்ரை ஆள் என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு பெயர் ஒட்டினால் ஒருவரும் வாய்க்கால் பக்கம் வரமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். சிவமலர் சொன்னது மெய். கொழும்பிலிருந்து கிரிக்கெட்டும் சினிமாவும் எழுதுகிற சுபாஸ்கரன் உச்சியில் இருந்தான். அடுத்த நாளும் இருந்தான். சுபாஸ்கரன், நகுலேஸ்வரனுடைய மனைவியின் தம்பி. வேறு கொழும்புக்காரரும் மேலேதான் நின்றார்கள், ஆனால் அவள் கண் சுபாஸ்கரனை விட்டு நகரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காருக்குள் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"தம்பி, மச்சான் இப்ப நல்லா எழுதுறார் போல."

"ஓமக்கா, அவனுக்கு வேறை வேலை என்ன."

"நீங்களும் சொல்லிக்குடுக்கிறனீங்களோ?"

"எனக்குக் கிரிக்கெட் பிடியாது, அக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். அவனுக்குச் சொல்லவில்லை.

கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று நகுலேஸ்வரன் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, "ஏதோ பிழை தம்பி, பாக்கிறன்" என்றாள். இரண்டாந்தரம் அவன் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகக் காரும் வரவில்லை. ஆனால் சுபாஸ்கரன் இறங்கவே இல்லை. இப்போது உள்ளே போய்வருகிற ஆள் அவள் ஒருத்திதான். அப்படியும் அவன் அங்கேயே நின்றால்?

விடை தோசைக்கல்லுக்கு முன்னால் கிடைத்தது. திருகோணமலையில் அவளுடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம். அருமைநாதன் தொலைபேசியில் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "முகூர்த்தம் பழைய நேரமோ, புதிய நேரமோ?"

கொழும்பு அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்துப் பல வருஷம். இயக்கம் ஆண்ட வன்னிப் பக்கம் அதை ஏற்கவில்லை. பஞ்சாங்கமும் ஏற்கவில்லை. ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம். குணேஸ்வரி தோசையைத் திருப்பாமல் நின்றாள்.

நாட்டிலிருந்து வருகிற ஓடைகள் பலவற்றில் நேரம் மட்டும் இருக்கும், அது எந்த நேரம் என்று இராது. அதை வாய்க்காலே போட்டுக்கொள்ள வேண்டும். கட்டிய நாளில் அந்த இடத்தில் அவள் வீம்பாகப் பழைய நேரத்தைப் போட்டாள். எங்கடை நேரம் அதுதானே என்று அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கொழும்பில் எல்லோரும் எழுதுவது புதிய நேரத்தில். ஆறு மணிக்கு அவர்கள் எழுதுவதை வாய்க்கால் பழைய நேர ஆறு மணி என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் எழுதியதைவிட அரை மணித்தியாலம் பிந்தி எழுதியதாகக் காட்டும். பிந்தியது மேலே. கொழும்பின் நேரத்தை ஏற்க மறுத்தவள், அந்த அரை மணித்தியாலத்தைக் கொழும்புக்கே தூக்கிக் கொடுத்திருந்தாள்.

"தோசை கருகுது, இஞ்சாரும்!" என்றார் அருமைநாதன்.

முதலில் அதைப் புதிய நேரத்துக்குத் திருத்தினாள். பழைய நேரத்தில் எழுதுகிறவர்களுக்கென்று தனியே ஒரு கணக்கு வைத்தாள். பிறகுதான் நகுலேஸ்வரனுக்கு எடுத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

அவன் மணிக்கூட்டை விட்டுவிட்டுக் கடவுச்சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைச் சந்தேகப்பட்டுத்தான் பூட்டினனீங்கள்?"

"ஓம், தம்பி."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

"இப்ப நீங்கள் சொல்லுற மணிக்கூட்டுக் கதையை நான் என்னெண்டு நம்புறது? மச்சானைக் கீழை இறக்கிறதுக்கு நீங்களே நேரத்தை மாத்தினீங்களோ, ஆருக்குத் தெரியும்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய இடத்தில் இருந்தால் அவளும் இதைத்தான் கேட்டிருப்பாள். "வந்து பாருங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சப்பாத்தைக் கழற்றினானே தவிர ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கொழும்புக்கு எடுத்துச் சுபாஸ்கரனை ஒரு வரி எழுதிப் போடச் சொன்னான். மச்சான் பத்து நிமிஷம் நியாயம் கேட்டான், பிறகு போட்டான். அது வரவேண்டிய இடத்தில், அதற்கு இரண்டு நிமிஷம் பிந்தி எழுதிய நோர்வேத் தமிழர் ஒருவருக்குக் கீழே, வந்து நின்றது. நகுலேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் பண்ணினான். இன்னொரு தரமும் பண்ணினான்.

"சரி" என்றான். "நான் உள்ளை போற கடவுச்சொல்லை இந்தமுறை நான்தான் வைப்பன். உங்களுக்குச் சொல்லமாட்டன்."

"வையுங்கோ."

"முகத்தை அங்காலை திருப்புங்கோ, அக்கா."

குணேஸ்வரி யன்னல் பக்கம் திரும்பினாள். பின்னால் விசைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று காது தானாக எண்ணத் தொடங்கியது. தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.